மூணாவது டப்பா

— அடுப்புக்குப் பக்கத்துலயே முக்காலி போட்டு உக்காந்திருக்கீங்க அத்தை. ஒரு தட்டு பிஸ்கட் கருகி வீடே புகையாகிடுச்சு. அந்த வாசம் கூடவா வரலை?

— வந்துச்சுடி. வராம என்ன?

— வந்தப்புறமும் சும்மா உக்காந்திருந்தீங்களா?

— இன்னும் கொஞ்சம் செவக்கட்டும்னு விட்டேன்.

— இதுவா செவப்பு? இதைப் பாத்தா அடுப்புக்கரியே வெக்கப்படும். ஓட்டல்காரங்க ஆர்டர் அத்தை இது. குங்குமப்பூ பிஸ்கட் கேட்டாங்க, கரி பிஸ்கட் கேக்கலை.

— ஒரு தட்டு போனா உலகமே போச்சா? மாமியார் ஒரு தட்டு கருக்கினா ஊர்வலம் விடறே. போன மாசம் மருமக சர்க்கரைன்னு உப்பை அள்ளிப் போட்டாளே, அதுக்கு நான் வாயைத் திறந்தேனா?

— திறந்தீங்க. தெருமுனை தையல்காரர் வரைக்கும் நடந்து போய்த் திறந்தீங்க.

— அவன் ஊர்த் துணியெல்லாம் தைக்கறான், அவன் வாயைத்தான் தைக்க மாட்டேங்கறான்.

— பேச்சை மாத்தாதீங்க. உங்களுக்கு மூக்கு போயிடுச்சு அத்தை. வாசனையே தெரியலை.

— யாருக்கு? எனக்கா? அடியே, வெளிய போய்க் கடைப் பலகையைப் பாரு. என்ன வரைஞ்சிருக்கு?

— கத்திரிக்கா.

— மூக்குடி அது!

— உங்க பையன் வரைஞ்சதுதான. காய்கறிக் கடைன்னு நெனச்சு பையோட உள்ள வந்துடறாங்க.

— மூக்கம்மா கடைன்னு சொல்லு, பஸ்காரன் வாசல்லயே நிறுத்தி இறக்கி விடுவான். குங்குமப்பூ டப்பாவைத் திறந்து ஒரு தரம் மூக்குகிட்ட கொண்டு போனேன்னா, புதுசா பழசா, சுத்தமா கலப்படமா, எல்லாத்தையும் சொல்லிடுவேன். என் மூக்கு பொய் சொல்லாது.

— சொல்லாதுதான். அது பேச்சையே நிறுத்தி ரொம்ப நாளாச்சு. சும்மா ஒண்ணு கேக்கறேன் அத்தை. நேத்து ஒரு தம்ளர் பால் கொடுத்தேன். குங்குமப்பூ போட்டிருக்கேன், வாசம் இறங்கியிருக்கான்னு பாருங்கன்னேன். மோந்துட்டு என்ன சொன்னீங்க?

— ஊரையே தூக்குதுன்னேன்.

— அதுல ஒரு இழை பூ கூட இல்ல. மஞ்சத்தூளும் நசுக்கின பூண்டும்தான் போட்டிருந்தேன்.

— பூண்டா?

— நாலு பல்.

— அதான் காலையில வயிறு லேசா இருந்துச்சா! நான் என்னமோ நடந்ததுனாலன்னு நெனச்சேன்.

— வயித்தை விடுங்க. மூக்குக்கு என்ன பதில்?

— மருமக ஆசையா கொண்டு வந்து நீட்டறாளே, மூஞ்சி வாடக்கூடாதேன்னு சொன்னேன்.

— நான் இந்த வீட்டுக்குள்ள வந்ததுலேர்ந்து என் மூஞ்சி வாடக்கூடாதுன்னு நீங்க பண்ணின ஒரே காரியம் அதுதான். அதுவும் பூண்டுப் பாலுக்கு.

— சுத்தி வளைக்காதடி. உனக்கு என்ன வேணும்? அதைச் சொல்லு.

— சாவி. உங்க இடுப்புல தொங்குதே, பூ வெக்கிற அலமாரி சாவி, அது. இனிமே பூ பாக்கறது, வாங்கறது, பால்ல ஊறப் போடறது எல்லாம் நான்.

— அதான பாத்தேன். ஆடு நனையுதேன்னு ஓநாய் ஏன் அழுதுதுன்னு இப்பத்தான் புரியுது.

— வெண்ணெய் அடிக்கறது நான். மாவு பிசையறது நான். தேய்ச்சு வெட்டித் தட்டுல அடுக்கறது நான். கடையில நின்னு கால் வீங்கறதும் நான். நீங்க டப்பாவை மோந்து பாக்கறீங்க. ஆனா பேரு மூக்கம்மா கடை. என் கையை ஒரு பலகையில வரையறதுக்கு நாதியில்ல.

— வரையச் சொல்லேன் உன் புருஷனை. அஞ்சு விரலும் வெண்டைக்காய் மாதிரி வரைவான். கத்திரிக்காய்க்கு ஜோடியா இருக்கும்.

— விளையாடாதீங்க அத்தை. இன்னைக்குக் குங்குமப்பூ விக்கற டப்பாக்காரர் வர்றார். நீங்க ஒரு குப்பையை நல்ல பூன்னு வாங்கிப் போட்டா, ஓட்டல்காரங்க முதல் கடியிலயே கண்டுபிடிச்சிடுவாங்க. ஆர்டரும் போகும், பேரும் போகும். அப்புறம் நெஜமாவே கத்திரிக்காதான் விக்கணும்.

— என் மூக்கு இருக்கற வரைக்கும் சாவி என் இடுப்புலதான்.

— மூக்கு இருக்கு அத்தை. உள்ளதான் ஆள் இல்ல.

— அம்மா! மூக்கம்மா! உள்ள வரலாமா? என்ன இவ்வளவு புகை, தீ கீ பிடிச்சிருச்சா?

— வாய்யா டப்பாக்காரா. இந்த வீட்டுல தீ அடுப்புல பிடிக்காது, வாயிலதான் பிடிக்கும். உக்காரு. வேண்டாம், நில்லு. என்ன கொண்டு வந்திருக்க?

— ரெண்டு டப்பாம்மா. என் கண்ணு மேல சத்தியமா சொல்றேன், இந்த மாதிரிப் பூ நீங்க பாத்தே இருக்க மாட்டீங்க.

— போன தடவையும் அதே கண்ணு மேலதான் சத்தியம் பண்ணின. இன்னும் கண்ணாடி கூடப் போடாம நடமாடறியே, அதுதான் அதிசயம்.

— சின்னம்மா, பாத்தீங்களா உங்க மாமியார் பேச்சை?

— பேச்சுல என்னண்ணே குறைச்சல்? பேச்சு மட்டும்தான் இப்ப வேலை செய்யுது. மேஜை மேல வைங்க. அப்புறம் இன்னொரு டப்பாவும் இருக்கு. எங்க வீட்டுக்காரர் கடைத்தெருவுல வேற ஒருத்தர்கிட்ட வாங்கிட்டு வந்தார். அதையும் அத்தை பாக்கணும்.

— வேற ஒருத்தர்கிட்டயா? என்ன சின்னம்மா, நான் உயிரோட இருக்கேன்ல? அட, டப்பா கூட அதே மாதிரி இருக்கு.

— எல்லாரும் ஒரே இடத்துலதானண்ணே டப்பா வாங்கறீங்க.

— அதுவும் சரிதான். செவப்பு மூடி இல்லாம பூ வித்தா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

— ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா? ஃபேனை நிறுத்துடி. ஜன்னலை நல்லாத் திற. யோவ், நீ இப்படி வா. அந்த வெளிச்சத்துல நில்லு.

— பூவைத்தான அத்தை வெளிச்சத்துல வைக்கணும்? அவரை எதுக்கு நிக்க வெக்கறீங்க, போட்டோ பிடிக்கவா?

— அவன் நிழல் பூ மேல விழுதுடி. நீயும் வாயை மூடு, வர்ற காத்துல பூ பறந்துடும். ம், முதல் டப்பாவைத் திற.

— இந்தாங்கம்மா. பக்கத்துல கொண்டு போங்க. எப்படி?

— பேசாதேன்னேன்.

— சரிம்மா.

— ம்... ம்ம்... சரி. சுத்தம். இதை ஓரமா வை. அடுத்தது.

— இது அதை விட ஒசத்திம்மா. என் கண்ணு மேல...

— கண்ணை விடு. என்னைப் பாரு. ம்... எவ்வளவு கலந்த?

— என்னம்மா?

— கேட்டது உன் காதுல விழுந்துச்சு. எதைக் கலந்த? நாரா, பழசா?

— பழசுதாம்மா. கொஞ்சம்தான். போன வருஷத்துது மிச்சம் கிடந்துச்சு, வீணாப் போகுதேன்னு... மன்னிச்சிடுங்க. பையில வெச்சுடறேன். ஐயோ, இது மனுஷ மூக்கா, இல்ல...

— நாய் மூக்கான்னு கேக்க வந்த. பாதியில முழுங்கிட்ட. நீ எச்சில் முழுங்கறது கூட எனக்குத் தெரியும்.

— குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச மாதிரி ஒண்ணு சரியா விழுந்துடுச்சு. அத்தை, இருங்க, எழுந்திரிக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் வாங்கின டப்பா பாக்கி இருக்கு.

— ஆமா, அதையும் பாத்துடுவோம். நீயே நீட்டு. இப்படி வா, இந்தப் பக்கம். எனக்குக் கை எட்டலை.

— இந்தாங்க.

— ம்... என் பையன் எங்கடி வாங்கினான் இதை?

— சொன்னேனே, கடைத்தெருவுல.

— எந்தக் கடை?

— கடைப் பேரு... கேக்கலை அத்தை. மோந்து பாருங்க, பேரையும் உங்க மூக்கே சொல்லுமே.

— ம்ம்... ம்ம்ம்...

— என்ன அத்தை இவ்வளவு நேரம்?

— பேசாதடி, நெஞ்சு வரைக்கும் இறங்குது. அடேயப்பா! இதுதான்டி பூ. மூணு டப்பாவுலயும் இதுதான் முதல். யோவ், உன் பூவெல்லாம் இதுக்கு முன்னாடி தவிடு.

— அம்மா, நானும் ஒரு தரம் பாக்கலாமா?

— பொறுங்கண்ணே. அத்தை, நல்லா மோந்துட்டீங்களா? இன்னொரு தரம் பாக்கறீங்களா?

— ஒரு தரம் பாத்தா பாத்ததுதான். என் மூக்கு பொய் சொல்லாது.

— அண்ணே, நீங்கதான் சாட்சி. இது பூவே இல்ல. மக்காச்சோளக் கதிர் நுனியில குஞ்சமா நார் தொங்குமே, அது. கலர்ப் பொடியும் மஞ்சத்தூளும் கரைச்சு, அதுல ஊற வெச்சு, மாடியில காயப் போட்டு, நானே உக்காந்து வெட்டி அடைச்சேன்.

— சோள நாரா! சின்னம்மா, கொடுங்க இப்படி. அட... அட அட! நுனி கூட வளைஞ்சிருக்கே! என் கண்ணு மேல சத்தியமா, நானே ஏமாந்திருப்பேன். ஏன் சின்னம்மா, இதையே ஒரு தொழிலா...

— உங்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கறதுக்கு இதைப் பண்ணலை. அத்தை, நெஞ்சு வரைக்கும் இறங்கினது அங்கயே மாட்டிக்கிச்சா?

— மூக்கம்மா... என்னம்மா இது? உங்களுக்குப் பயந்துதான நாங்க இத்தனை வருஷமா...

— வயசாச்சுய்யா. எல்லாத்துக்கும் வயசாகும், மூக்குக்கு மட்டும் ஆகாதா? போற வழியெல்லாம் இதைச் சொல்லிட்டுத்தான் போவே. நல்லாச் சொல்லு. ஆனா முழுசாச் சொல்லு. இனிமே இந்தக் கடையில பூ பாக்கறது இவ. என்னையே பிடிச்சவ. இந்தாடி சாவி.

— அத்தை...

— பிடி. அவன் எதிர்லயே வாங்கிக்க.

— அப்ப இனிமே எல்லாம் சின்னம்மாதானா? பழசு கிழசு தெரியாம கலந்துட்டா...

— கலந்துதான் பாருங்களேன்.

— ஐயையோ, விளையாட்டுக்குச் சொன்னேன் சின்னம்மா. மூக்கம்மாவையே மடக்கின ஆளு நீங்க. உங்ககிட்ட நான் வாலாட்டுவேனா? முதல் டப்பாவை வெச்சுக்கங்க, என் ரெண்டாவது டப்பாவை நான் எடுத்துட்டுப் போறேன். வரேம்மா. உடம்பைப் பாத்துக்கங்க.

— மூக்கைப் பாத்துக்கங்கன்னு சொல்ல வாய் வரலை பாரு. போய்ட்டு வா.

— ஒழிஞ்சார். அத்தை, மாவு காத்துட்டிருக்கு. கருகின தட்டுக்குப் பதிலா வேற போட்டாகணும்.

— நீ போய் வாசல் கதவைச் சாத்திட்டு, அப்படியே பாலைக் காய்ச்சிக் கொண்டு வா. ஊறப் போடணும்ல.

— சரி. இந்தச் சோள நாரை...

— நான் எடுத்துக் கொட்டிடறேன். அது கூடவா எனக்குத் தெரியாது? போடி.

— இந்தாங்க, பால் கொண்டு வந்துட்டேன். கை பொறுக்கற சூடு. நாரைக் கொட்டியாச்சா?

— எது எங்க இருக்கணுமோ அது அங்க இருக்கு.

— கோவமா அத்தை? இப்படிச் சாவி வாங்கினதுல எனக்கும் சந்தோஷம் இல்ல.

— பொய் சொல்றதா இருந்தா முதல்ல சிரிப்பை நிறுத்து. காது வரைக்கும் போகுது.

— சரி, கொஞ்சம் சந்தோஷம்தான். சும்மா கேக்கறேன், எப்பலேர்ந்து உங்களுக்கு மூக்கு போச்சு?

— போகலையே.

— இன்னுமா? சோள நாரை மோந்துட்டு நெஞ்சு வரைக்கும்னீங்க!

— போறதுக்கு முதல்ல இருக்கணும்ல? எனக்குப் பொறந்ததுலேர்ந்தே வாசனை தெரியாதுடி.

— என்ன சொல்றீங்க?

— மல்லிப்பூவும் மாட்டுச் சாணியும் எனக்கு ஒண்ணுதான். குளிக்காதவனும் குளிச்சவனும் ஒண்ணுதான். உன் மாமனாரை நீ பாத்ததில்ல. நாள் பூரா அடுப்படியில வெந்துட்டு அப்படியே வந்து படுப்பார். எப்படித்தான் அந்த மனுஷனோட குடும்பம் நடத்தறியோன்னு அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க கேப்பாங்க. எதைச் சொல்றாங்கன்னே எனக்குப் புரியாது.

— அப்ப இந்த பிஸ்கட்?

— எனக்கு இனிப்பாத் தெரியும், மொறுமொறுன்னு தெரியும். அவ்வளவுதான். சர்க்கரை போட்ட மரத்தூள். இதுல ஊரே என்னத்தக் கண்டுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

— ஆனா டப்பாக்காரரைப் பிடிச்சீங்களே! பழசு கலந்திருக்குன்னு எப்படிச் சொன்னீங்க?

— அவனை எதுக்கு வெளிச்சத்துல நிக்க வெச்சேன்?

— நிழல் விழுதுன்னீங்க.

— நிழலாவது மண்ணாவது. நான் பூவை மோந்து பாக்கலை, அவன் மூஞ்சியைப் பாத்தேன். டப்பாவை மூக்குகிட்ட வெச்சுட்டா ஒரு வசதி, எதிர்ல நிக்கறவனை எவ்வளவு நேரம் வேணா உத்துப் பாக்கலாம். நல்ல பூன்னா விலை என்ன சொல்லலாம்னு யோசிச்சிட்டு நிப்பான். கலப்படம்னா எச்சில் முழுங்குவான், காதோரம் துடிக்கும். எவ்வளவு கலந்தன்னு கேட்டா மீதியை அவனே சொல்லிடுவான். ஒவ்வொருத்தனும் சொல்லிட்டு, என் மூக்கைப் புகழ்ந்துட்டுப் போயிருக்கான்.

— அப்ப பலகை, கத்திரிக்கா, மூக்கம்மா, எல்லாமே பித்தலாட்டமா?

— பிஸ்கட் நல்லாருக்கா இல்லையா?

— இருக்கு.

— அப்புறம் என்ன?

— ஒரு நிமிஷம் அத்தை. நான் டப்பாவை நீட்டறப்ப இந்தப் பக்கம் வான்னீங்களே. என் மூஞ்சியையும் பாத்தீங்களா?

— நல்லாப் பாத்தேன். கடைப் பேரைக் கேட்டதும் நீ முழுங்கின முழுங்குக்கு, பூவென்ன, டப்பாவையே நீ திருடிட்டு வந்தேன்னு நெனச்சிருப்பேன்.

— தெரிஞ்சேதான் நல்ல பூன்னு சொன்னீங்களா? எதுக்கு?

— இப்பல்லாம் வெளிச்சத்துல நிக்க வெக்கலைன்னா எனக்கு எதிர்ல நிக்கறவன் மூஞ்சியே மங்கலாத்தான் தெரியுது. தூக்கமும் வந்துடுது. அதான் தட்டு கருகினது. சாவியை யார்கிட்டயாவது கொடுத்துதான் ஆகணும். சும்மா கூப்பிட்டுக் கொடுத்தா அவன் உன்னை மதிப்பானா? மூக்கம்மாவையே மடக்கினவ நீன்னு அவன் கண்ணால பாக்கணும். அடுத்த தடவை உன் முன்னாடி டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடியே முழுங்குவான் பாரு. இந்த வேலைக்கு மூக்கு வேண்டாம்டி. எதிர்ல நிக்கறவனுக்குப் பயம் இருந்தாப் போதும்.

— நல்லாருக்கு கதை. தோத்தவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க, நானேதான் விட்டுக் கொடுத்தேன்னு. இதுல நான் உங்களுக்கு நன்றி வேற சொல்லணுமா?

— சொன்னாலும் எனக்கு வாசம் தெரியப் போறதில்ல.

— உங்க மூஞ்சி பாக்கற வித்தையெல்லாம் உங்களோடயே இருக்கட்டும் அத்தை. எனக்குத் தேவையில்ல. எனக்கு நெஜமாவே மூக்கு இருக்கு. இந்தக் கடையில முதல் தடவையா பூவை மோந்து பாக்கத் தெரிஞ்ச ஒருத்தி பூவைப் பாக்கப் போறா. தள்ளுங்க. இதுதான அந்த முதல் டப்பா?

— மேஜை மேல அது ஒண்ணுதான இருக்கு.

— பாருங்க, பால்ல போட்டதும் எப்படி நிறம் இறங்குது!

— போட்ட உடனேயே இறங்குதே.

— நல்ல பூன்னா அப்படித்தான். ஆஹா! மோந்து பாருங்க... ஓ, மறந்தே போச்சு, உங்களுக்குத்தான் முடியாதே. நான் சொல்றேன் கேட்டுக்கங்க. முதல்ல தேன் மாதிரி. அப்புறம் காஞ்ச புல் மாதிரி ஒரு வாசம். அப்படியே உச்சந்தலைக்கு ஏறுது. பாவம் அத்தை நீங்க, இத்தனை வருஷம் இதுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தும் கொடுத்து வெக்கலை.

— அவ்வளவு நல்லாவா இருக்கு? இந்தக் கருகின புகையிலயும் உனக்குத் தெரியுதா?

— எந்தப் புகை இருந்தா என்ன? சுத்தமான பூ. என் மூக்கு பொய் சொல்லாது.

— சரி. அந்தப் பாலை மாவுல ஊத்திடாதே. சாக்கடையில கொட்டு.

— பொறாமையா அத்தை?

— நல்ல பூ நிறம் விடறதுக்கு நேரமாகும்டி. பொய்தான் முந்திக்கிட்டு ஓடி வரும். மூக்கு இல்லாதவளுக்கே இது தெரியும்.

— என்ன சொல்றீங்க? அப்ப இது...

— நீ மாடியில காயப் போட்டு, உக்காந்து வெட்டினியே, அந்தச் சோள நார். டப்பா எல்லாம் ஒரே மாதிரிதான, நீ பால் காய்ச்சப் போனப்ப மாத்தி வெச்சுட்டேன். தேன் மாதிரின்னியே, அது எங்கேர்ந்து வந்துச்சோ தெரியலை. காஞ்ச புல்லுன்னியே, அது மட்டும் நூத்துக்கு நூறு சரி.

— நல்ல பூ எங்க?

— என் மடியில.

— அத்தை...

— முழுங்காதே, தெரியுது. சாவி உன்கிட்டயே இருக்கட்டும், பூ என்கிட்ட இருக்கட்டும்.